நூற்றுப்பத்துத் தொட்டிகள்

"ஒண்ணே ஒண்ண வெளியில விட்டுட்டேனுங்கம்மா."

சென்னியப்பன் ஒரு சைக்ளமன் தொட்டியை இரண்டு கையிலும் ஏந்தி ஆசிரமத்து வாசலில் நின்றார். குளிரில் பூக்கிற செடிதான், ஆனால் உறைபனி ஆகாது. இலையெல்லாம் வெந்த கீரையாய்த் தொங்கியது.

ஆசிரமத்தை நடத்தும் அம்மாவுக்கு வயது நாற்பது இருக்கும். சீடருக்கு அறுபத்திரண்டு.

ஊட்டிக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு ஞானம் தேடி வந்தவர் அவர். ஞானமா கிடைத்தது? பூந்தொட்டிகள்தான் கிடைத்தன, நூற்றுப்பத்து. பனிக்காலத்தில் பொழுது சாய்ந்தால் மற்ற செடிகளை மிலார் என்கிற மலைச்செடியின் தழை போட்டு மூட வேண்டும், விடிந்ததும் திறக்க வேண்டும். சைக்ளமனைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைக்க வேண்டும். மனிதர் ஒரு நாள் தவறியதில்லை.

"டேங்குக்குப் பின்னால வெச்சிருந்தனுங்க. மறந்துபோச்சு. ராத்திரி பூராவும் பனியில கெடந்திருக்குது."

சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அவர் அழுகிற ஆளே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே மகன் சிவகுரு காய்ச்சலில் போனபோதுகூடக் கல்லாக நின்றார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மனைவி பாவாத்தாளைக் காரமடை வீட்டில் விட்டுவிட்டு மலையேறியவர், திரும்பிப் போகவில்லை.

அவள் மாதம் ஒருதரம் ஆசிரமத்துக்குப் போன் பண்ணுவாள். "தோட்டத்துல வேலையா இருக்கேன்னு சொல்லிருங்க" என்பார். அவள் குரலைக் கேட்டால் மகன் செத்தது நிஜமாகிவிடும் என்று அவருக்குப் பயம். மூன்று மாதமாக அந்தப் போனும் நின்றுவிட்டது. ஏனென்று அவர் கேட்கவில்லை.

அம்மா தொட்டியை வாங்கிக் கீழே வைத்தார். மண்ணை விரலால் விலக்கி, கிழங்கை அழுத்திப் பார்த்தார்.

"கெட்டியா இருக்குதுங்கண்ணா. இலைதான் போச்சு. தழைஞ்சுரும்."

சென்னியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இனி ஒண்ணையும் வெளியில விட மாட்டனுங்க."

"இன்னொண்ணு வெளியிலதானுங்க இருக்குது."

அவருக்குத் திக்கென்றது. ஓடினார்.

தாழ்வாரத்தில் எண்ணினார். வேலியோரம் எண்ணினார். டேங்குக்குப் பின்னால், அடுப்படிச் சந்தில், விறகுக் கொட்டகையில் குனிந்து குனிந்து தேடினார். சந்தேகம் தீராமல் முதலிலிருந்து மறுபடியும் எண்ணினார்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அம்மா அந்தத் தொட்டியில் கருகிய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"நூத்திப்பத்தும் இருக்குதுங்கம்மா. நீங்க எதைச் சொல்றீங்க?"

"காரமடையில."

சென்னியப்பன் படியில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. அந்த வீட்டில் சாயங்காலம் விளக்குப் போட்டுவிட்டு அவள் யாரோடு பேசுவாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அம்மா கிள்ளிப்போட்ட கருகிய இலை ஒன்றைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"இப்பப் போனா, என்னைய உள்ள விடுவாளுங்களா?"

அம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"தெரியாதுங்கண்ணா. ரெண்டு பனிக்காலம் போயிருச்சு."