மூன்று கடையும் ஒரு குளமும்

காட்டோரக் குளக்கரையில் காகமும் பெருச்சாளியும் குரங்கும் ஆளுக்கொரு கடை வைத்திருந்தன. பட்டணத்தார் அங்கே கொட்டிய பழைய டி.வி., கம்ப்யூட்டர், செல்போன்தான் மூன்றுக்கும் சரக்கு.

காகம் செம்புக் கம்பி விற்றது. பறவைகள் கூடு கட்ட வாங்கின. பெருச்சாளி வளைகளுக்குக் கூரை போடத் தகரம் விற்றது. குரங்கு பேட்டரிகளைச் சேர்த்துப் பட்டணத்து வண்டிக்காரனிடம் கொடுத்து வாழைத்தார் வாங்கியது.

நல்ல ஏற்பாடுதானே என்கிறீர்களா? கூத்தைக் கேளுங்கள்! காகம் கம்பியை உருவிக்கொண்டு, பேட்டரியையும் தகரத்தையும் குளத்தில் தள்ளியது. பெருச்சாளி தகரத்தைப் பிய்த்துக்கொண்டு மற்றதைத் தள்ளியது. குரங்கும் அப்படியே.

அந்தக் குளத்தில் ஒரு தவளை, நூறு தலைப்பிரட்டைகளோடு வாழ்ந்தது. தண்ணீர் கசக்கத் தொடங்கியது. தினமும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் செத்து மிதந்தன. தவளை பதறிக் கரையேறியது.

"காக்கா அண்ணே! அந்தப் பேட்டரியைக் குரங்கண்ணனுக்குக் கொடுத்தா என்ன?"

"கொடுத்தா அவன் வாழைப்பழமா தின்னு கொழுப்பான்! நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"பெருச்சாளி அண்ணே! நீங்களாவது கம்பியைக் காக்காகிட்ட..."

"அந்தக் கறுப்பனுக்கா? குளத்துல போட்டாலும் போடுவேன், அவனுக்குத் தர மாட்டேன்!"

குரங்கு மரத்திலிருந்தே கத்தியது. "முதல்ல அவங்க ரெண்டு பேரும் தரட்டும்! அப்புறம் பாக்கலாம்!"

தவளைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "மூக்கை அறுத்துக்கிட்டாவது எதிரிக்குச் சகுனத் தடை பண்ணுவீங்களா? நீங்களும் இந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறீங்க!"

யார் காதில் விழுந்தது?

மறுவாரம் பெருச்சாளிக் குட்டிகள் வாந்தியெடுத்துச் சுருண்டன. காக்கைக் குஞ்சுகள் இரைக்கு வாய் திறக்கவில்லை. குரங்குக் குட்டி கிளையில் நிற்க முடியாமல் விழுந்தது. அப்போதுதான் மூன்றுக்கும் புத்தி வந்தது. அலறியடித்துக்கொண்டு குளத்தில் இறங்கின. கம்பி காகத்துக்கு, தகரம் பெருச்சாளிக்கு, பேட்டரி குரங்குக்கு என்று பிரித்துக்கொண்டன. ஒரே பகலில் குளம் சுத்தமானது. மூன்று கடைகளிலும் சரக்கு வைக்க இடமில்லை! அடுத்து மழையும் பெய்து புதுத் தண்ணீர் நிறைந்தது. குட்டிகள் பிழைத்தன.

காகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. "பாத்தியா தவளையம்மா! நாங்க சேர்ந்தா எப்படி? ஒரு பாராட்டு சொல்லக் கூடாதா?"

தெளிந்த தண்ணீரில் ஒரு தலைப்பிரட்டைகூட நீந்தவில்லை.

"ஒரு பகல் வேலை அண்ணே!" என்றது தவளை. "இதுக்கு என் பிள்ளைங்க நூறும் சாகணுமா?"

காகம் நிமிர்த்திய நெஞ்சைச் சுருக்கிக்கொண்டு தன் கடைக்குத் திரும்பியது.

தனக்கு உதவாததை உதவுகிறவனுக்குக் கொடுக்க மனமில்லாதவன், தான் குடிக்கும் தண்ணீரிலேயே நஞ்சைக் கலக்கிறான்.