காபியை நிறுத்தத் தெரியாத மேனேஜர்

ஓமனில் குணசீலன்னு ஒரு மேனேஜர். அவருக்குத் தெரியாதது எதுவுமே கிடையாது. இது அவரே சொல்லித்தான் நமக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை பழைய மண்வீட்டு ஊர்களையும் நிஸ்வா சந்தையையும் பார்க்கக் காரில் கிளம்பினார். வண்டி ஓட்டினவன் மாசானம். ஊரில் பிறந்த மகளை இன்னும் பார்க்காதவன். போகும்போதே லீவு கேட்டான்.

"எனக்குத் தெரியாத ஒன்னை இன்னைக்குள்ள காட்டு, தர்றேன்" என்று சிரித்தார் சார்.

அப்புறம் மண்சுவர், வாய்க்கால், பேரீச்சை என்று வழியெல்லாம் அவரே விளக்கினார். மாசானத்தை வாய் திறக்க விட்டால்தானே.

சந்தையில் பேரீச்சம்பழக் கடைக்காரர் சின்னக் கிண்ணத்தில் காபி ஊற்றி நீட்டினார்.

"வேண்டாம்னா அவருக்கு அவமானம். எனக்குத் தெரியும்" என்று சார் குடித்தார். காலிக் கிண்ணத்தை நீட்டினார். கடைக்காரர் நிரப்பினார். குடித்தார், நீட்டினார், மறுபடியும் நிரம்பியது. மாசானம் ஒரு கிண்ணத்தோடு முடித்துவிட்டு நிம்மதியாகப் பழம் தின்றான்.

சாருக்கு வயிறு முட்டியது, வேர்த்துக் கொட்டியது.

"டேய், இதை எப்படிடா நிறுத்துறது?"

"தெரியாதா சார்?"

"தெரியாதுடா!"

"அப்ப லீவு?"

கடைக்காரர் மறுபடி கூஜாவைத் தூக்கினார்.

"லீவை எடுத்துத் தொலை!"

மாசானம் சாரின் கையைப் பிடித்துக் காலிக் கிண்ணத்தை லேசாக ஆட்டினான். போதும் என்று சொல்ல அங்கே அதுதான் வழக்கம். கடைக்காரர் சிரித்தபடி கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

இப்போ ஆபீஸில் கிண்ணம் ஆட்டுவது எப்படின்னு சார்தான் எல்லாருக்கும் வகுப்பெடுக்கிறார். அதைக் கேட்க மாசானம் அங்கே இல்லை. ஊரில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கிறான்.