ரெண்டரை நூல் போல்ட்

மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி சாலை பிரியும் இடத்தில், ஒரு குரு இருந்தார். பெயர் கோகிலவாணி. வயது முப்பத்திரண்டு. பழைய கார்களைப் பழுது பார்ப்பவர்.

சீடர் வரதராஜுலுவுக்கு வயது அறுபத்திரண்டு. பாலிடெக்னிக்கில் முப்பத்து நான்கு வருடம் அளவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தோசையைக்கூட அளந்துதான் சாப்பிடுவார் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். ஓய்வு பெற்ற மறுமாதமே பட்டறையில் வந்து சேர்ந்துவிட்டார். குருவை அவர் மேஸ்திரி என்பார். குரு அவரை சார் என்பார்.

இரண்டு வருடம் ஓடியது. கோகிலவாணிக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு, ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து பிரசவத்துக்குக் கோத்தகிரிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. திரும்பிவர ஆறேழு மாதம் ஆகும். அதுவரை பட்டறை வரதராஜுலுவின் பொறுப்பு.

திங்கட்கிழமை காலை அவர் கேட்டார். "நீங்க வர்ற வரைக்கும் இங்க நான் யாருங்க மேஸ்திரி? வேலை கத்துக்கிறவன்னு சொல்றதா, மெக்கானிக்குன்னு சொல்றதா?"

"டாக்டர் வண்டிய முடிங்க சார்" என்றார் கோகிலவாணி.

அது கோத்தகிரி டாக்டர் ஒருவரின் பழைய சீமைக் கார். காற்றும் பெட்ரோலும் கலந்து எஞ்சினுக்குள் போகும் குழாய்க்கொத்தை மேனிஃபோல்டு என்பார்கள். அதை எஞ்சினோடு சேர்த்துப் பிடிப்பவை ஆறு போல்ட்டுகள். கழற்றும்போது இரண்டு ஒடிந்துவிட்டன. மீதி நான்கும் துருப்பிடித்திருந்தன. ஆறும் புதிதாக வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் இடுக்கு வழியே வெறும் காற்று புகுந்து எஞ்சின் இழுவை போய்விடும். சமதளத்தில் பரவாயில்லை. மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றால் பின்னால் உருளத் தொடங்கும்.

வரதராஜுலு பழைய போல்ட்டை வெர்னியர் அளவுகோலில் வைத்து அளந்தார். ஏழு புள்ளி ஒன்பது மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் போல்ட் தேய்ந்திருக்கிறது என்று முடிவு செய்தார். கடைக்குப் போய் ஆறு புது போல்ட் வாங்கி வந்தார். கண்ணாடி மாதிரி பளபளத்தன.

முதல் போல்ட் மூன்று சுற்று இறங்கியது. பிறகு நின்றது. அவர் நீளமான ஸ்பேனரை எடுத்தார்.

"நிறுத்துங்க சார்."

நிறுத்தினார்.

"அதைக் கழட்டி, பழசையும் அதையும் மரையோட மரை சேர்த்து வெளிச்சத்துல பிடிங்க."

பிடித்தார். முதல் இரண்டு மரை ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்தது. அதற்குப் பிறகு இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"இது ரெண்டரை நூல் போல்ட்டுங்க. அங்குலக் கணக்கு. எட்டு நூல் ஒரு அங்குலம். இந்த எஞ்சினைச் செஞ்சவங்க மில்லிமீட்டர் பக்கமே போகலை."

வரதராஜுலுவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அளவு தப்பாவா காட்டிச்சு?"

"அளவு சரிங்க சார். ஏழு புள்ளி ஒன்பதுன்னுதான் அது சொல்லிச்சு. எட்டுன்னு சொன்னது நீங்க."

மறுநாள் பழைய போல்ட் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

கோயம்புத்தூரில் இரண்டு நாள் பழைய இரும்புக் கடைகளை அலசினார். கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு லேத் பட்டறைக்காரர் இவர் மேல் இரக்கப்பட்டார்.

"எதுக்குங்க இந்த வயசுல அலையறீங்க? ஓட்டையில எட்டு எம்எம் மரை வெட்டிருங்க. அரை மணி நேர வேலை. யாருக்குத் தெரியப் போகுது?"

"அடுத்த தடவை அதைப் பிரிக்கிறவருக்குத் தெரியுமுங்க" என்றார் வரதராஜுலு. "என்னையத் திட்டுவாரு."

சொன்ன பிறகுதான், தான் ஒரு மெக்கானிக் மாதிரி பேசிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. வெளியே வந்து ஒரு டீ குடித்தார்.

வெள்ளிக்கிழமை அன்னூரில், டிராக்டர் பழுது பார்க்கும் ஒரு கொட்டகையில், எண்ணெயில் ஊறிய போல்ட் டப்பா ஒன்று கிடைத்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய போல்ட்டோடு சேர்த்து வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உச்சி வெயிலில் நாற்பது போல்ட் பார்த்தார். ஆறில் வெளிச்சம் தெரியவில்லை. ஆறின் தலையிலும் மும்மூன்று கோடு இருந்தது. பலமான இரும்பு என்பதற்கு அதுதான் அடையாளம்.

வளைகாப்புச் சாப்பாடு போயிற்று. ஏழு வகைச் சோறும் போயிற்று. வரதராஜுலு அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குப் போல்ட்டுகளை எடுத்துக் காட்டினார். அவர் பாவம், நல்லா இருக்குதுங்க என்றார்.

சனிக்கிழமை கோகிலவாணி இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையலோடு பட்டறைக்கு வந்தார்.

"நீங்களே மாட்டிருங்க மேஸ்திரி" என்று வரதராஜுலு போல்ட்டுகளை நீட்டினார்.

கோகிலவாணி கைகளைத் தூக்கிக் காட்டினார். வளையல்கள் குலுங்கின. "குழந்தை பொறக்கற வரைக்கும் ஒண்ணும் உடையக் கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்க. அந்தச் சந்துல கைய விட்டா ஒண்ணுகூட மிஞ்சாது."

வாசலில் நாற்காலியைப் போட்டு, எஞ்சினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

போல்ட்டுகள் கொஞ்சம் நீளம். வரதராஜுலு ஓட்டையின் ஆழத்தை அளந்தார். இந்தத் தடவை எதையும் முழு எண்ணாக்கவில்லை. ஒவ்வொன்றையும் ரம்பத்தால் அறுத்து, நுனியை அரம் போட்டுத் தேய்த்தார். ஆறும் விரலாலேயே கடைசி வரை இறங்கின. கீழே இருந்த இரண்டு போல்ட் கண்ணுக்குத் தெரியாது. அவற்றை விரலால் தடவித்தான் பூட்டினார். பிறகு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று சுற்றாக, ஸ்பேனரில் முறுக்கினார். நாள் முழுக்க ஆயிற்று.

எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அறுபத்திரண்டு வயதில் கை முழுக்கக் கிரீஸோடு நின்று சிரித்தார்.

கோகிலவாணி திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணியின் அம்மா வந்தார். டாக்டரின் காரைக் கோத்தகிரியில் ஒப்படைக்க வேண்டும். அதிலேயே போய்விடலாம் என்று கோகிலவாணி சொல்லிவிட்டார். துணிப்பை, பழக்கூடை எல்லாம் ஏறின.

அம்மா காரைச் சந்தேகமாகப் பார்த்தார். "ஏங்கண்ணு, இது மலை ஏறுமா?"

"சாரைக் கேளுங்கம்மா."

இருவரும் வரதராஜுலுவைப் பார்த்தார்கள்.

"ஏறுமுங்க" என்றார் அவர்.

அம்மா ஏறிவிட்டார். கோகிலவாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி, பின் சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வரதராஜுலு ஸ்டியரிங்குக்குப் போகவில்லை. பின் கதவருகே வந்து நின்றார். நேற்றைய பெருமையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மேஸ்திரி, நான் முதல்ல தனியா ஒரு தடவை மேல போய்ட்டு வந்துர்றேனுங்க."

"மதியத்துக்குள்ள வீட்டுக்குப் போகணும் சார்."

"இல்ல, ஏழு மாசம்... நீங்க கைய உள்ள விட வேண்டாம். டார்ச் அடிச்சு எட்ட நின்னு ஒரு பார்வை பார்த்துருங்க. அது போதும்."

கோகிலவாணி கதவை இழுத்துச் சாத்தினார்.

"நான் பார்த்துட்டா அது என் வேலை ஆயிருமுங்க சார். வண்டிய எடுங்க."