ஆற்றிலிருந்து ஏறாத அரசர்

நாடு எது என்று கேட்காதீர்கள். இப்படி ஒரு சட்டம் எங்கள் நாட்டில்தான் இருந்தது என்று ஒப்புக்கொள்ள யாரும் முன்வரவில்லை.

சட்டம் இதுதான். போர்ச் சுவடியில் ஓர் ஏட்டை எழுதி, கரி பூசி, எழுத்துக் கறுத்துவிட்டால் அப்புறம் அதில் ஒரு புள்ளிகூடச் சேர்க்கக் கூடாது. ஆளாளுக்கு வந்து "கோட்டையைப் பிடித்தது நான்தான்" என்று நின்றதில் வெறுத்துப்போன மன்னர் கடம்பராயர், கூடவே ஓர் ஆணையும் போட்டுவைத்தார்: "சுவடியில் இல்லாதது நடக்கவில்லை. நானே வந்து சொன்னாலும் நடக்கவில்லை."

கேட்க நன்றாகத்தான் இருந்தது, கற்குவேல் மனுக் கொடுக்கும்வரை.

கற்குவேல் பழைய படைவீரர். நாகலாற்றுப் போரில் மன்னர் கையாலேயே வீரக்கழலும் பட்டுப் பரிவட்டமும் வாங்கியவர். பரிவட்டத்தைப் பூச்சி அரித்துவிட்டது. கழல் மட்டும் காலில் இருந்தது. இப்போது நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. குழியில் இறக்கும்போது கழலோடு இறக்க வேண்டும் என்பது ஆசை. அதற்குச் சுவடியில் பதிவு வேண்டும். பார்த்தால் பதிவே இல்லை. "விட்டுப்போனதைச் சேர்த்துவிடுங்கள்" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

சுவடிகளுக்கெல்லாம் பொறுப்பான ஓலைநாயகம் அம்பலவாணர் மனுவைப் படித்தார். சேர்க்க முடியாது என்றார். அதோடு நின்றாரா? சுவடிப்படி கழல் கொடுக்கப்படவில்லை. கொடுக்காத கழல் காலில் இருக்கிறது. ஆகவே திருட்டு. சபை கலைவதற்குள் கொல்லனை வைத்து அறுத்து எடுத்துவிட வேண்டும் என்று எழுதிவிட்டார்.

வடிவுடையாளுக்கு அரண்மனையில் வாதம் பேசுவதுதான் வேலை. சம்பளம் தராவிட்டாலும் பேசுவாள். அன்று சபைக்குப் போகும்போது வாசலில் கற்குவேல் ஒரு காலைக் கல்மேல் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். பக்கத்தில் கொல்லன்.

"என்ன பெரியவரே, காலில் என்ன?"

"கழட்டப் போறாங்க தாயி. நான் களவாண்டுட்டேனாம்."

"யாரிடமிருந்து?"

"அது அவங்களுக்கும் தெரியல."

கொல்லன் தலையைச் சொறிந்தான். "எனக்குக் கை வரல அம்மா. சுத்தியலக் காணோம்னு இவ்வளவு நேரம் ஓட்டிட்டேன்."

"கையில் இருப்பது என்ன?"

"சுத்தியல்தான்."

"இன்னும் கொஞ்ச நேரம் தேடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும்; வடிவுடையாளுக்கு இறங்கும். அன்று ரொம்பவும் இறங்கியிருந்தது.

"ஓலைநாயகம் ஐயா, நாகலாற்றுப் போரின் கடைசி ஏட்டைக் கொஞ்சம் படியுங்களேன்."

"எதற்கு அம்மணி? அதில் கழல் இல்லை."

"இருப்பதைப் படியுங்கள்."

அம்பலவாணர் சுவடியைப் பிரித்தார். "பொழுது சாயும் வேளை மன்னர் யானைமேல் ஆற்றில் இறங்கினார். வெள்ளம் வந்தது. யானை மட்டும் கரையேறியது. படை ஊர் திரும்பியது."

"அடுத்த ஏடு?"

"திரும்பிய படைக்கு நெல் அளந்தது."

"நடுவில் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ?"

"என் கையெழுத்து அம்மணி! ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது."

"ஓ, அன்று பாசறை எழுத்தர் நீங்கள்தானா? எங்கே நின்று எழுதினீர்கள்?"

"மலைக்கு அந்தப் பக்கம். சுவடி நனையக் கூடாதல்லவா?"

"நியாயம்தான். அப்படியானால் மன்னர் இன்னும் ஆற்றில்தான் இருக்கிறார்."

சபை மொத்தமும் அரியணையைப் பார்த்தது. அரியணையில் இருந்தவர் தொண்டையைச் செருமினார்.

"இதோ இருக்கிறேனே, வடிவு."

"யாரோ பேசுகிறார்கள்" என்றாள் வடிவுடையாள்.

"நான்தான். நான் கரையேறிவிட்டேன். நானே சொல்கிறேன்."

"அது வாய்மொழி, செல்லாது" என்றார் அம்பலவாணர், பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வடிவுடையாள் தலையாட்டினாள். "அந்தப் போருக்கு அப்புறம்தானே உங்களை ஓலைநாயகம் ஆக்கினார்கள்? மன்னர் ஆற்றில் இருக்கும்போது யார் ஆக்கினார்கள்? அந்த முத்திரை மோதிரம் யார் கொடுத்தது? கொல்லன் வாசலில் சும்மாதான் நிற்கிறான். விரலை நீட்டினால் அறுத்துவிடுவான்."

அம்பலவாணர் கையை மேலாடைக்குள் இழுத்துக்கொண்டார்.

"சுவடியில் இல்லாதது நடக்கவில்லை என்ற ஆணையும் போருக்கு அப்புறம் வந்ததுதான். ஆற்றுக்குள் இருந்துகொண்டு யாரும் ஆணை போட முடியாது. ஆணை இல்லை என்றால், கழல் திருட்டு இல்லை. ஆணை உண்டு என்றால், மன்னர் இல்லை. உங்களுக்கு எது வசதி, ஐயா?"

சபையில் யாருக்கும் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. மன்னர்தான் பேசினார்.

"கரி பூசிய ஏட்டைத் தொட வேண்டாம். பக்கத்தில் புது ஏடு ஒன்றைக் கோத்து, விட்டுப்போனதை அதில் எழுதும். இனி யாருக்கு விட்டுப்போயிருந்தாலும் அப்படியே. முதலில் என்னைக் கரையேற்றும்."

அம்பலவாணர் எழுத்தாணியை எடுத்தார். எழுதியதை உரக்கப் படித்தார். "மன்னர் தாமே நீந்திக் கரையேறினார்."

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றார் மன்னர்.

எழுத்தாணி நின்றது. "அப்படியானால்... யார் ஏற்றியதாக எழுதட்டும்?"

"வாசலில் ஒற்றைக்காலில் நிற்கிறாரே, அவரைக் கூப்பிடும். என் குடுமியைப் பிடித்து இழுத்த இழுப்பு இன்னும் வலிக்கிறது. மறுநாள் காலை அக்கரையில் நானே கழலைப் பூட்டினேன், பரிவட்டமும் கட்டினேன். இரண்டையும் எழுதும்."

கற்குவேல் உள்ளே வந்தார். அம்பலவாணர் புது ஏட்டில் அவர் பெயரை எழுதினார், கழலை எழுதினார், பரிவட்டத்தை எழுதினார். வடிவுடையாள் வாங்கி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். பெரியவர் கழலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரிதானா பெரியவரே?"

"எல்லாம் சரி தாயி. குடுமியப் பிடிச்சேன்னு மட்டும் எழுத வேணாம். ராசாவுக்கு மரியாதையா இருக்காது."

எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் அம்பலவாணர் எழுத்தாணியைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

"எதையாவது பிடித்து இழுத்தார் என்று எழுதித் தொலையும் ஓலைநாயகமே" என்றார் மன்னர். "எவ்வளவு நேரம்தான் நான் தண்ணீரிலேயே நிற்பது?"