வெட்டுப்படாத நஞ்சு

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எசேக்கியேலைவிடக் கவனமான ஆள் கிடையாது. பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, ஐம்பது வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். வழிகாட்டி பொற்செல்வி வயதில் அவருக்கு ரொம்ப இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

ஒரு பாக்டீரியா செய்யும் நஞ்சைப் பிரித்தெடுத்து, பருத்திக் காய்ப்புழுவுக்குத் தின்னக் கொடுப்பது எசேக்கியேலின் வேலை. பல புரதங்கள் கூடிக் கட்டிய பெரிய நஞ்சு அது. அதே பாக்டீரியா, புரதத்தை வெட்டும் ஒரு நொதியையும் சுரக்கும். நொதி நஞ்சின்மேல் கைவைத்துவிடக் கூடாதே என்று, அதை முடக்கும் மருந்தை ஒவ்வொரு குழாயிலும் ஒரு சொட்டு விடுவார். ஜெபம் பண்ண மறந்தாலும் இதை மறக்க மாட்டார்.

நஞ்சு முழுசாக இருந்தது. புழுக்கள் அதைத் தின்றுவிட்டுக் கொஞ்சம் சுணங்கின. பிறகு கொழுத்தன.

அடுத்த மாதம் மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. புழு சாகாவிட்டால் பதிவு ரத்து. இந்த வயதில் வெறுங்கையோடு எப்படி வீட்டுக்குப் போவது?

"ஒரு இடத்துலகூட வெட்டு விழல மேடம். அப்புறம் ஏன் வேலை செய்யல?"

பொற்செல்வி டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கறுப்பு டீயில் ஒரு பால்பவுடர் பாக்கெட் பிரிக்காமலே மிதந்தது.

"பாக்கெட்டைப் பிரிக்கலையே மேடம்."

"பிரிச்சா கெட்டுப்போயிடாதா சார்?"

எசேக்கியேல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நொதியைச் செய்யுறது யாரு சார்?"

"பாக்டீரியாதான்."

"நஞ்சை?"

"அதுவும் அதேதான்."

"எதிரிக்குன்னு நஞ்சைச் செஞ்சு வச்சுட்டு, அதை நாசம் பண்ணவும் தானே ஒரு கத்தி செஞ்சுக்குமா?"

அடுத்த முறை எசேக்கியேல் சொட்டு விடவில்லை. கை பழக்கத்தில் மருந்துக் குப்பிவரை போய்த் திரும்பியது. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லில் பார்த்தபோது, முழு நஞ்சுக்குரிய கோடு மங்கி, கீழே புதிதாகச் சில கோடுகள் தெரிந்தன. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"துண்டு துண்டாயிடுச்சு மேடம். கொட்டிடவா?"

"புழுவுக்குக் குடுங்க."

சில நாளில் புழுக்கள் தின்பதை நிறுத்தின. பிறகு சுருண்டு கறுத்துக் கிடந்தன. எசேக்கியேல் தட்டைத் தூக்கிக்கொண்டு பொற்செல்வியின் அறைக்கு ஓடினார். செத்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார்.

"இது போதும் சார். குழு முன்னாடி தைரியமா நிக்கலாம்."

"எல்லாம் நீங்க சொன்னதுதான் மேடம். இனிமே என்ன செய்யணும்னும் நீங்களே சொல்லிடுங்க. ஒரு அட்சரம் மாறாம அப்படியே செய்றேன்."

பொற்செல்வி தட்டை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"அந்தச் சொட்டை விடச் சொன்னதும் நான்தான் சார்."