பத்திரமாக வைத்த வேர்

கேளுங்கள் பெரியவர்களே, சிறியவர்களே! இந்தக் கதையை ஓலையில் எழுதிப் பத்திரமாக வைத்திருந்தேன். அதனால்தான் இன்று வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. சிரிக்கிறவர்கள் முதலில் தங்கள் வீட்டுச் சாவியை எடுத்துக் காட்டிவிட்டுச் சிரிக்கலாம்.

மலைக்கு ஒரு ராஜா இருந்த காலம் அது. முகில்மலை ராஜ்யத்தில் மாசிலாமணி என்று ஒரு வைத்தியர் இருந்தார். மாசு இல்லாத மணி என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். அவர் வீட்டுக்குள் போய் வந்தவர்கள் மூன்று முறை தும்மிவிட்டுத்தான் அந்தப் பெயரைச் சொல்வார்கள்.

பாம்புக்கடிக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. மலை உச்சியில் விளைந்த ஒரு கறுப்பு வேர் அவரிடம் இருந்தது. அதில் கொஞ்சம் அரைத்துக் கொடுத்தால் எந்த விஷமும் இறங்கிவிடும். அரைப்பதில் தாமதம் இல்லை, கொடுப்பதில் தாமதம் இல்லை, தேடுவதில்தான் தாமதம். ஒவ்வொரு தடவையும் அவர் மனைவி சௌந்தரம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடிக் கொடுப்பாள். பிழைத்தவர்கள் வைத்தியரின் கைராசி என்று புகழ்ந்துவிட்டுப் போவார்கள்.

வைத்தியருக்கு ஒரு வழக்கம். முக்கியமான பொருள் எதையும் எடுத்த இடத்தில் வைக்கமாட்டார். பத்திரமாக வைப்பார். ஊசியை உப்பு ஜாடிக்குள் வைப்பார். சூரணத்தைத் தலையணை உறைக்குள் வைப்பார். ஒருமுறை பட்டு வேட்டியை மிகவும் பத்திரமாக வைத்துவிட்டு, அரண்மனைக்குப் போர்வையைக் கட்டிக்கொண்டு போனார்.

"பத்திரமாத்தான் வெச்சேன் சௌந்தரம். எங்கேன்னுதான் தெரியல."

"நீங்க பத்திரமா வெச்சா எமனுக்கே கிடைக்காதுங்க!"

அவருக்கும் வெட்கம் உண்டு. அதனால் வருஷத்துக்கு ஒரு சபதம் போட்டார். முதல் வருஷம், ஒரே நாளில் வீடு முழுவதையும் ஒழுங்குபடுத்துவேன் என்றார். இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டார். தன் தைலத்தையே அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாம் வருஷம், தச்சனை அழைத்து ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி செய்தார். எல்லாவற்றையும் அதற்குள் போட்டுப் பூட்டினார். சாவியைப் பத்திரமாக வைத்தார். மூன்றாம் வருஷம், வீடு ஒழுங்காகும் வரை சாப்பிடமாட்டேன் என்றார். மத்தியானம் பசித்தது. தட்டைக் காணவில்லை. வாழை இலையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு, சாவிதான் இல்லை.

போட்டதைப் போட்டபடி விடுவதில் சௌந்தரமும் புருஷனுக்கு ஏற்ற மனைவிதான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தப்பமாட்டாள். பொழுது சாயும்போது சுவரில் உள்ள மாடத்தைத் துடைப்பாள், திரியைத் திரிப்பாள், விளக்கை ஏற்றுவாள். எண்ணெய்க் கிண்ணத்தை மறுபடி அதே மாடத்தில் வைப்பாள். காய்ச்சல் வந்தாலும் இது நடக்கும், சண்டை வந்தாலும் இது நடக்கும். அந்த வீட்டில் தேடாமல் கிடைக்கும் ஒரே பொருள் விளக்குதான்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். மூலையில் பழந்துணிக் குவியலுக்குள் கைவிட்டு வைத்தியர் மருந்து அரைக்கும் கல்வத்தின் குழவியைத் தேடினார். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று ஒரு பாம்பும் கண்டுபிடித்து வைத்திருந்தது. கொத்திவிட்டு வாசல் வழியாகப் போய்விட்டது.

"சௌந்தரம்! பாம்பு! வேரை எடு!"

"வேர் எங்கே?"

அவர் வாயைத் திறந்தார். வழக்கமான சொல் வந்தது. "பத்திரமா..."

சௌந்தரம் பெட்டியை நோக்கி ஓடினாள். சாவி இல்லை. பரணில் ஏறினாள். பழைய முறங்கள் தலையில் விழுந்தன. அடுக்குப் பானைகளை உருட்டினாள். பழைய ஊறுகாயும் பட்டு வேட்டியும் கிடைத்தன. வேர் கிடைக்கவில்லை. வைத்தியருக்கு நாக்குத் தடித்தது, கண் செருகியது. ஊரையெல்லாம் பிழைக்க வைத்தவர் தன் வீட்டு நடுவில் செத்துக்கொண்டிருந்தார்.

"என்னையும் எங்கேயாவது பத்திரமா வெச்சிடு," என்று குழறினார். "எமன் தேடட்டும்."

சௌந்தரத்துக்கு அழுகை வந்தது. வீடும் இருட்டிக்கொண்டு வந்தது. தேடுவதற்கு வெளிச்சமாவது வேண்டுமே என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே விளக்குக்காகக் கையை மாடத்துக்கு நீட்டினாள். எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஏதோ சொரசொரவென்று தட்டுப்பட்டது.

கறுப்பு வேர்! முந்தின நாள் விளக்கேற்ற வந்தபோது அது தரையில் கிடந்தது. மிதிபடப் போகிறதே என்று எடுத்து மாடத்தில் போட்டவள் அவள்தான். பதற்றத்தில் புத்தி அதை மறந்துவிட்டது. கை மட்டும் தினம் போகும் இடத்துக்குப் போனது.

அரைத்தாள், ஊட்டினாள், அழுதாள். வைத்தியர் பிழைத்தார்.

மறுநாள் அவர் எழுந்து உட்கார்ந்து புது சபதம் போட வாயெடுத்தார். "சபதம் போட்டீங்கன்னா அந்தப் பாம்பையே கூப்பிடுவேன்," என்றாள் சௌந்தரம். "விளக்கு ஏத்தறதுக்கு முன்னாடி, அன்னைக்கு எடுத்ததை எடுத்த இடத்துல வெச்சிடுங்க. அது போதும்."

முதல் நாள் குழவியைக் கல்வத்தில் வைத்துவிட்டு, அந்தப் பெருமையைத் தெரு முழுக்கச் சொல்லி வந்தார் வைத்தியர். அடுத்த நாள் ஊசி தன் இடத்துக்கு வந்தது. பிறகு சூரணம் வந்தது. போகப் போகத் தரை தெரிந்தது. வீட்டுக்கு இன்னொரு ஜன்னல் இருப்பதும் அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் ஆடு மேய்ப்பவர் ஒருவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "ஐயா, பாம்பு..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வேர் கல்வத்தில் அரைபட்டுக்கொண்டிருந்தது. சௌந்தரம் கதவோரம் நின்று வாயைப் பிளந்தாள்.

"எப்படிங்க உடனே கிடைச்சுது?"

வைத்தியர் தலை நிமிரவில்லை. "பத்திரமா வெக்கல. அதான் கிடைச்சுது."

அந்தப் பெண் பிழைத்தாள், கதையும் முடிந்தது. நான் போய் என் ஓலையைத் தேடுகிறேன், நீங்கள் நீதியைக் கேட்டுக்கொண்டு போங்கள்: வருஷத்துக்கு ஒருமுறை போடும் பெரிய சபதம் வீட்டைக் காக்காது, தினமும் தவறாமல் செய்யும் சின்ன வழக்கமே காக்கும்.