முக்குளிப்பான் கூடு

பரஞ்சோதி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அறுபத்தொரு வயதில் மறுபடியும் மாணவராகியிருந்தார். அவருக்குப் பாடம் எடுத்த நூர்ஜஹான், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அவருடைய மகளைவிட இரண்டு வயது சின்னவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய்க் கரையில் ஏழெட்டுப் பேருக்குப் பறவைகளைப் படம்பிடிக்கச் சொல்லித்தருவாள். பரஞ்சோதி அவளை வாய் நிறைய 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

கண்மாயோ அவர் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் தெரியும் தூரம். அப்படி இருந்தும் நான்கு மாதமாக ஒரு படம் உருப்படியாக விழவில்லை. எடுத்ததில் எல்லாம் பறந்துபோகும் பறவையின் பின்பக்கம்தான். நூலகத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு மற்ற எல்லோரும் படம் கொடுத்துவிட்டார்கள். அவர் ஒருவர்தான் பாக்கி.

மனிதர் விடுவதாயில்லை. தினமும் விடிந்ததும் தண்ணீரில் இறங்கி நின்றார். சளி பிடித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே நின்றார்.

ஒரு வியாழக்கிழமை காலை, ஈர வேட்டியோடு நூர்ஜஹான் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

"டீச்சர், சிக்கிருச்சு!"

கேமராத் திரையில் முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவை ஒன்று தன் மிதக்கும் கூட்டில் அடைகாத்துக்கொண்டிருந்தது. கண்ணில் இளவெயில் பட்டு மின்னியது. இறக்கைக்கு அடியில் முட்டைகூடத் தெரிந்தது.

"பத்தடி தூரத்துல நின்னேன். அசையல நான். அதுவும் அசையல."

"நல்லா வந்திருக்கு சார். இப்படி ஒண்ணு எனக்கே அமைஞ்சதில்ல."

பரஞ்சோதிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

நூர்ஜஹான் படத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோரைக்குள்ளதான சார் இது கூடு கட்டும்? முன்னாடி ஒரு கோரையக் காணோமே?"

"மறைச்சுச்சு டீச்சர். நேத்து அருவாளக் கொண்டுபோய்க் கொஞ்சம் அறுத்துவிட்டேன். கூட்டை நான் தொடவே இல்ல, சத்தியமா."

அவள் கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வாங்க, போவோம்."

அவர்கள் போனபோது கூட்டின் மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. ஆளைக் கண்டதும் எழும்பிக் கருவேல மரத்தில் போய் உட்கார்ந்தது. அங்கே ஏற்கெனவே இன்னொன்று இருந்தது. சற்றுத் தள்ளி முக்குளிப்பான் முங்குவதும் தலை நீட்டிக் கத்துவதுமாக இருந்தது.

நூர்ஜஹான் தண்ணீரில் இறங்கிக் கூட்டை எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை முட்டை இருந்துச்சு?"

"நாலு. நேத்து அறுக்கும்போது எண்ணிப் பாத்தேன்."

"இப்ப மூணு."

பரஞ்சோதி கழுத்தில் தொங்கிய கேமராவைக் கையில் எடுத்தார்.

"படத்தை அழிச்சுரட்டா டீச்சர்?"

"அழிச்சா மூணு நாலாயிருமா?"

அறுபட்டு மிதந்த கோரைகளை அவள் பொறுக்கி, கூட்டைச் சுற்றிச் சேற்றில் ஒவ்வொன்றாக ஊன்றினாள். அவரும் இறங்கி ஊன்றினார். பாதி நின்றது, பாதி சாய்ந்தது.

"நிக்குமா டீச்சர்?"

"ரெண்டு நாள் நிக்கும். அப்புறம் காஞ்சு சாஞ்சுரும்."

"புதுசு வளர?"

"மூணு வாரம் ஆகும்."

"முட்டை பொரிக்க?"

"அதுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்."

காகங்கள் மரத்திலேயே இருந்தன. அவற்றுக்கு ஒன்றும் அவசரமில்லை.

"அதுவரைக்கும் யாரு பாத்துக்கிறது? ஞாயித்துக்கிழமை கண்காட்சி வேற இருக்கு" என்றார் பரஞ்சோதி.

"ஞாயித்துக்கிழமையும் காக்கா வரும் சார்."

பரஞ்சோதி மரத்தைப் பார்த்தார். கத்திக்கொண்டிருந்த பறவையைப் பார்த்தார். பிறகு கரையேறி விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கழுத்தில் கேமரா இல்லை. தலையில் முண்டாசு இருந்தது. கையில் தண்ணீர்ப் பாட்டிலும், மனைவி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலமும் இருந்தன.

"இருவது நாளோ இருவத்தஞ்சு நாளோ, மூணும் பொரிக்காம நான் நகர்றதா இல்ல" என்றார்.

நூர்ஜஹான் தலையசைத்தாள்.

"ஆனா எங்க நிக்கிறதுன்னு தெரியல டீச்சர். கிட்டப் போனா அது கூட்டுக்கு வராது. தள்ளிப் போனா காக்கா வந்துரும். நான் எங்க நிக்கட்டும்?"

"நீங்க அறுத்த கோரை எங்க நின்னுச்சோ, அங்க. கோரை மாதிரியே அசையாம."